பியானோக்காரருக்கு வைத்த பூ

நோர்வேயில், ட்வெய்ட்டா என்கிற இடத்தில், எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு நோர்வேப் பிள்ளை பியானோ பழகுகிறாள். போன கிழமை அவள் வாசித்ததைக் கேட்டு, அரிசி கழுவின கையோடு அப்படியே நின்றுவிட்டேன். துள்ளித் துள்ளி ஓடி, நடுவில் கால் இடறினது போலத் தடுமாறுகிற அந்த மெட்டு எனக்குத் தெரியும். மேலே போய்ச் சொல்லக் கூச்சம். அதனால் இங்கே எழுதுகிறேன்.

அதை முதலில் கேட்டபோது, ஊரில், எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பலில் வேலை. லீவில் வந்தபோது ஒரு இசைத்தட்டுக் கொண்டுவந்தார். அட்டையில் கோட்டுப் போட்ட ஒரு கறுத்த மனிதரின் படம். வீட்டில் பாட்டுப்பெட்டி இல்லை. கலியாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவரின் கடைக்கு மாமா என்னைக் கூட்டிப்போனார். தட்டுச் சுற்றியது. பியானோ மட்டும்தான் கேட்டது.

"எப்ப மாமா இவர் பாடுவார்?"

"பாடமாட்டார். இவர் எழுதிவைச்சதை வேற ஆரோ வாசிக்கினம். இவர் செத்துக் கனகாலம். புதைச்ச இடத்தில ஒரு கல்லுக்கூட இல்லையாம்."

வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். மறுநாள் காலை பார்த்தால், செத்துப்போன அப்பப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை, ஒரு செவ்வரத்தம்பூவோடு.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, இவர் எங்களுக்கு என்ன முறை? பெரியப்பாவோ?"

"கல்லுக்கூட இல்லாத மனிசனடா. ஒரு பூ வைச்சா உனக்கென்ன? பல்லைக் காட்டாமல் போய் முகத்தைக் கழுவு."

மாமாவின் சிரிப்பு நின்றுவிட்டது. லீவு முடிந்து போகும்போது தட்டை எடுக்கவில்லை. "அடுத்தமுறை பாட்டுப்பெட்டியோட வாறன் அக்கா. அதுவரைக்கும் அவர் இஞ்சையே இருக்கட்டும்" என்றார்.

பாட்டுப்பெட்டி வரப்போகிறதென்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

வரவில்லை. மாமாவும் வரவில்லை. கப்பல் புயலில் காணாமல் போய்விட்டதென்று ஆரோ வந்து அப்பாவிடம் சொல்லிப் போனார்கள். அப்பப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கவென்று மாமாவின் படத்தைச் சட்டம் போட அப்பா எடுத்தபோது, அம்மா அதைப் பறித்துப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்.

"ஆரும் ஆளைக் கண்டவையோ? அவன் வருவான்."

நானும் அம்மாவைத்தான் நம்பினேன்.

அதற்குப் பிறகு காலையில் அம்மா பூ ஆய்ந்து வந்தால், அப்பப்பாவுக்கு ஒன்று வைப்பார், பியானோக்காரருக்கு இரண்டு வைப்பார். அந்த மனிதரின் மெட்டு அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். அம்மா அந்தத் தட்டை ஒருநாளும் கேட்டதேயில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.