தபால்கார அத்தை ராணியான கோடை

எங்கள் ஊரில் நூற்று நாற்பத்து மூன்று வீடுகள். அத்தனை வீட்டு நாய்களுக்கும் ரோஸ்விதா அத்தையைப் பிடிக்காது. முப்பத்தொரு வருடமாக மஞ்சள் சைக்கிளில் தபால் கொண்டு வருகிறவரை எந்த நாய்க்குத்தான் பிடிக்கும்? மனிதர்களைப் பொறுத்தவரை, அவரைப் பற்றி யாரும் நல்லதும் பேசியதில்லை, கெட்டதும் பேசியதில்லை. மோசல் ஆறு பெருகித் தெருவுக்குள் வந்தால் படகில் நின்றபடி மாடி ஜன்னல் வழியாகக் கடிதத்தை நீட்டுவார். வெள்ளம் வடிந்ததும் சேற்றோடு சேர்த்து அவரையும் மறந்துவிடுவோம்.

வயது ஐம்பத்தாறு, கல்யாணமாகவில்லை. வாரத்தில் ஆறு நாள் தபால். ஏழாம் நாள், ஆடு ஏறவே யோசிக்கிற சரிவில் தன் அப்பாவின் திராட்சைக் கொடிகளைக் கட்டுவார். அந்த அப்பா நுரையீரல் கெட்டுப் பன்னிரண்டு வருடம் படுக்கையில் கிடந்து, போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அத்தைக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குப் பேருந்து கிடையாது. அப்பாவுக்காக பெர்ன்காஸ்டல் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார், வரிக் காகிதத்தோடு விட்லிக் அலுவலகத்துக்குப் போயிருக்கிறார். பக்கத்து ஊர் எதிலும் ஒரு கோப்பை ஒயினோடு சும்மா உட்கார்ந்ததில்லை. ஆனால் ட்ஸெல்லிலும் கோகெமிலும் எந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லுவார். எல்லாம் கடித உறையின் பின்பக்க முகவரியில் படித்தது.

இனி என் பங்கு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் விட்டுவிட்டோம். இப்போது கூட்டுறவுக் கிடங்கில் பாட்டில் கழுவுகிறேன். கழுவும்போது மூளைக்கு வேலை இல்லை. அதனால்தான் இப்படி ஏதாவது செய்துவிடுகிறேன்.

ஆற்றோரத்தில் எங்கள் பக்கம் ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஒயின் ராணி உண்டு. அக்கம்பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்கெல்லாம் கிரீடத்தோடு போய், எங்கள் ஒயினைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வர வேண்டும். எங்கள் ஊரில் இரண்டு வருடமாக ராணி இல்லை. பெண்கள் எல்லாம் படிக்கப் போய்விட்டார்கள். மே மாதம் விழாக் குழுத் தலைவர் ஏலன் மாமா ரொட்டிக் கடையில் ஒரு பெட்டி வைத்தார், பெயர் எழுதிப் போடச் சொல்லி. நான் ஒரு சீட்டில் ரோஸ்விதா துல் என்று எழுதிப் போட்டேன். பக்கத்தில் என் தோழி யூலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேரமும் போகும், ஏலன் மாமா முகம் போகிற போக்கையும் பார்க்கலாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு விதி என்றால் விதி. ஏலன் மாமா பழைய விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்தாராம். ஊரில் பிறந்திருக்க வேண்டும், கல்யாணமாகியிருக்கக் கூடாது, ஒயினைப் பற்றிப் பேசத் தெரிய வேண்டும். வயதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றவே இல்லை. அடுத்த வாரம் ரொட்டிக் கடைக் கதவில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. கீழே ஒரு வரி: ராணிக்குத் துணையாக இளவரசி, லேனி எர்பெஸ். வார இறுதியில் வெட்டியாக இருக்கும் ஒரே பெண் நான்தானாம்.

கிரீடம் பழைய ராணியுடையது, சின்னத் தலைக்குச் செய்தது. எட்டுக் கொண்டை ஊசி குத்தி நிறுத்தினேன். உடைக்கு இடுப்பில் என் அம்மா இரண்டு துண்டு வைத்துத் தைத்தார். செருப்பு மட்டும் தபால் செருப்புதான்.

"அத்தை, ராணி இந்தச் செருப்பா போடுவாங்க?"

"பாவாடை தரையைத் தொடுதில்ல? உள்ள என்ன இருந்தா உனக்கென்ன. நாய் துரத்தினா நீ ஓடுவியா, நான் ஓடணுமா?"

ஜூன் கடைசியில் முதல் பயணம் ட்ஸெல்லுக்கு. ஏலன் மாமாதான் கார் ஓட்டினார். மற்ற ஊர் ராணிகள் பதினான்கு பேர், எல்லோரும் இருபது வயதுக்காரிகள். நான் கிரீடம் வைத்து முடிக்கும் முன்பே அவர்களில் ஒருத்தி, "நீங்க ராணியோட அம்மாவா?" என்று அத்தையிடம் கேட்டாள். "இல்லம்மா, ராணிதான். கொஞ்சம் முத்தின ரகம்," என்றார் அத்தை. அந்தப் பெண் சிரித்தாள். அன்று முழுக்க அத்தையை விட்டு நகரவே இல்லை. நான் கேலி செய்ய வைத்திருந்த நாலு வாக்கியமும் வாய்க்குள்ளேயே ஊறிப் போயின.

விழா முடிந்ததும் அத்தை ட்ஸெல் தெருக்களில் நடந்தார். ஒரு பச்சைக் கதவின் முன் நின்று, "வில்ஹெல்ம் கோஸ். இருபது வருஷம் எங்க ஊர்ல இருக்கற அவரு தங்கச்சிக்கு மாசம் ரெண்டு கடிதாசி. கதவு பச்சைன்னு எனக்குத் தெரியாமப் போச்சே," என்றார். ஜூலையில் டிராபன்-டிரார்பாக்கில் பாலத்தின் மேல் அரை மணி நேரம் நின்றார், இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தபடி. ஆகஸ்டில் கோகெம் கோட்டைக்குப் படியேறியே போனார். ஏலன் மாமா பாதியில் உட்கார்ந்துவிட்டார். அத்தை மேலே போய் ஒரு கோப்பை ரிஸ்லிங் ஒயின் வாங்கி, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை ஆற்றைப் பார்த்தார். "நம்ம ஆறுதான். ஆனா இங்கேயிருந்து பாத்தா வேற யாரோ மாதிரி இருக்கு," என்றார்.

அங்கேதான் எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. யாராவது "எப்படி ராணி ஆனீங்க?" என்று கேட்டால், "பெட்டியில என் பேர் வந்துச்சு," என்று அத்தை சொல்லுவார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் பார்த்தேன். செப்டம்பரில் பெர்ன்காஸ்டல் விழா, எல்லாவற்றிலும் பெரியது. எங்கள் ஊரே படகில் வரும். யூலேயும் வருவாள். அவள் இரண்டு கோப்பை தாண்டினால் வாயில் பூட்டு நிற்காது. மேடையில் அத்தை பேசும்போது கீழேயிருந்து அவள் அந்தச் சீட்டுக் கதையை எடுத்துவிட்டால்? ஊர் முன்னால், எட்டு ஊசி குத்திய கிரீடத்தோடு நிற்கிறவருக்கு, தன்னை ராணியாக்கியது ஒரு கேலி என்று அப்போதுதான் தெரிய வேண்டுமா?

பெர்ன்காஸ்டல் சந்தைத் திடலுக்குப் பின்னால், ராணிகள் காத்திருக்கும் சந்தில், ஊசி குத்திக்கொண்டே சொன்னேன். முன்னால் நின்று சொல்ல தைரியமில்லை. பின்தலை பார்த்துச் சொல்வது சுலபம்.

"அத்தை, அந்தச் சீட்டு நான்தான் எழுதினேன். விளையாட்டுக்கு."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஏலன் அன்னைக்கே வீட்டுக்கு வந்தான். ரோஸ்விதா, பெட்டியில இருந்ததே ஒரு சீட்டுதான், அதுவும் யாரோ வாலுப் புள்ளைங்க வேலையா இருக்கும், வேணாம்னா சொல்லிடு, கிழிச்சுடுறேன்னான். சீட்டைக் காட்டினான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துலேர்ந்து உங்க அம்மாவுக்கு வர்ற எத்தனை கடிதாசிய நீயே கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்ப."

ஊசி என் விரலில் குத்தியது. "பின்ன ஏன் சரின்னீங்க?"

"நான் அவனை ஒண்ணுதான் கேட்டேன். ராணியானா கோகெமுக்குக் கூட்டிட்டுப் போவாங்களான்னு. கார்லயேன்னான். அப்போ கிழிக்காதேன்னேன்." கிரீடத்தைத் தொட்டுப் பார்த்தார். "முப்பத்தொரு வருஷம் எல்லார் பெட்டியிலயும் காகிதம் போட்டேன், லேனி. எனக்குன்னு ஒருத்தி ஒண்ணு போட்டா. அது என்னத்துக்குப் போட்டாங்கறது உன் கவலை. வந்து சேந்துச்சு, அது போதும். அழாதே, கிரீடம் கோணுது."

"நான் அழல. கை வலிக்குது."

"சரி, கைதான் வலிக்குது."

மேடையில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். போய் நின்றதும் கீழே எங்கள் ஊர்க்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். யூலே முன்வரிசையில் இருந்தாள், கையில் மூன்றாவது கோப்பை. அத்தை அவளை நேராகப் பார்த்துவிட்டு ஒலிபெருக்கியில் பேசினார்.

"வணக்கம். எனக்கு ஐம்பத்தாறு வயசு. எங்க ஊர்ல என் பேருக்கு விழுந்தது ஒரே ஒரு சீட்டு. அதையும் கேலிக்குத்தான் போட்டாங்க." கையிலிருந்த கோப்பையை உயர்த்தினார். "எங்க சரிவுல கடைசி வரிசைக் கொடியும் அப்படித்தான். எங்கப்பா சும்மா வேடிக்கைக்கு நட்டது. அறுபது வருஷமாச்சு, இந்தக் கோப்பையில இருக்கறது அதுலேர்ந்து வந்ததுதான். குடிச்சுப் பாருங்க."

முதலில் சிரித்தது யூலே. பிறகு திடல் முழுவதும். ஏலன் மாமா எழுந்து நின்று கைதட்டினார், உட்காரவே இல்லை. யூலேயிடம் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவளுடைய கோப்பையையும் சேர்த்து நான்தான் நிரப்பினேன்.

அத்தை கீழே இறங்கியதும் என்னைத்தான் தேடினார். நன்றி சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு அந்த வேலை பழக்கமில்லை. அவர் அதற்குள் ஏலன் மாமாவின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.

"கிரீடம் எதுவரைக்கும் என்கிட்ட?"

"அடுத்த மே வரைக்கும், ரோஸ்விதா. ஆனா விழா எல்லாம் அக்டோபரோட முடிஞ்சிடுது."

"விழா யாருக்கு வேணும். டிரியர் பட்டணம் நான் பாத்ததில்ல. காரை எடு. லேனி, நீ முன்னாடி உக்காரு, நான் பின்னாடி ஜன்னலோரம்."