பீலியில் குளித்த மூன்று ராஜாக்கள்

மூன்று ராஜாக்களையும் பீலிக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டியவர் என் அப்பாதான். அந்தப் பெருமையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க எங்கள் குடும்பம் இன்றுவரை தயாராக இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாதா கோயிலில் கிறிஸ்து பிறக்கும் நத்தாருக்குப் பாலன் குடில் வைப்பது, லயம் என்னும் வீட்டு வரிசைகளில் வருடத்துக்கு ஒன்றின் முறை. அந்த வருடம் எங்கள் லயத்துக்கு முறை வந்தது. அப்பா தாமாகவே முன்னால் போய்ப் பொறுப்பை வாங்கிக்கொண்டார். சுரூபங்கள் எல்லாம் விரல் நீளத்தில் சாந்தில் வார்த்தவை. ஒரு மேசை நிறைய இருந்தன. மாதா, சூசையப்பர், பாலன், இடையர்கள், சம்மனசுகள், ராஜாக்கள், ஒரு மாடு, பிறகு ஒரு பட்டிக்குக் காணுமளவு ஆடுகள்.

பெட்டியைத் திறந்தால் தூசியும் கரப்பான் எச்சமுமாக இருந்தது. சவர்க்காரத்தூளும் தும்புக்கட்டையும் இருந்தால் உலகத்தில் எதையும் சரிப்படுத்திவிடலாம் என்பது அப்பாவின் நம்பிக்கை. எல்லாவற்றையும் கூடையில் போட்டு, லயமே குளிக்கும் பீலிக்குக் கொண்டுபோய், கொட்டுகிற தண்ணீரில் வைத்து ஒவ்வொன்றாகத் தேய்த்தார். தூசி போயிற்று. கூடவே வர்ணமும் போயிற்று. திரும்பி வந்தபோது கூடைக்குள் ஒருவருக்கும் முகம் இல்லை. முக்காட்டை வைத்துத்தான் மாதாவை அடையாளம் கண்டோம்.

"என்னண்ணே, பாலனுக்கு இப்பவே ஞானஸ்நானம் குடுத்துட்டீங்களா?" என்று பக்கத்துக் காம்பராக்காரர் கேட்டார். லயமே சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை.

நத்தாருக்கு மூன்று நாள்தான் இருந்தது. அப்பா கடையில் வர்ணம் வாங்கிவந்து ஒரு ராஜாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பொழுது சாயும்வரை பாடுபட்டதில் ஒரு ராஜா முடிந்தார். அவருக்கு ஒரு கண் பெரிதாகவும் ஒரு கண் சிறிதாகவும் அமைந்து, எதையோ பார்த்துப் பயந்தவரைப் போல இருந்தார். அப்பா அவரைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். எனக்கு அப்போது எட்டு வயது. முகமில்லாத பாலன் எங்கள் தோட்டத்துக்குப் பிறக்கவே வரமாட்டார் என்று நான் நிஜமாகவே நம்பினேன். நத்தார் வராமல் போனால் அது எங்கள் அப்பாவால்தான் என்று தோட்டம் முழுக்கச் சொல்வார்களே என்று நினைத்து அழுதேன்.

அம்மாதான் போனை எடுத்தார். "ஒங்க தங்கச்சிக்கு ஒரு கோல் போடவா?" என்று கேட்டார்.

அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு, "நான் யாரையும் கூப்பிடல. வர்றவங்க வந்தா வரட்டும்" என்றார். எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. வேதக்காரக் குடும்பத்துப் பெண், சைவக் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டு வட்டகொடைக்குப் போய்விட்டார். அப்பா கல்யாணத்துக்குப் போகவில்லை. அதிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு இல்லை. நான் அத்தையை அம்மாவின் போனில்தான் பார்த்திருக்கிறேன். அத்தையும் மாமாவும் திருவிழாக் கடைகளுக்குக் கையடக்கச் சாமி பொம்மைகள் செய்து கொடுக்கிறார்கள் என்று அம்மா சொல்லியிருந்தார்.

மறுநாள் காலையில் அத்தை ஒரு பையோடு வந்து நின்றார். அப்பா எதிர்மலையைப் பார்க்கத் தொடங்கினார். அம்மா கொடுத்த பிளேன்டியை அத்தை வாங்கி, குடிக்காமல் பக்கத்தில் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு வந்து தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்தால் அதற்குமேல் சண்டை போடத் தேவையில்லை. அப்பா அதைப் பார்த்தார். பார்க்காததுபோலவும் இருந்தார்.

அத்தை ஒரு நீளமான பலகையில் மெழுகை உருக்கிவிட்டு, சுரூபங்களை வரிசையாக நட்டார். பலகையைத் திருப்பினால் அத்தனை பேரும் ஒரேயடியாகத் திரும்பினார்கள். பிறகு பெரிய பிரஷை எடுத்து எல்லோருக்கும் கறுப்பு அடிக்கத் தொடங்கினார். ராஜா, இடையர், சம்மனசு, மாதா, ஒருவரையும் விடவில்லை.

அப்பாவால் தாங்க முடியவில்லை. "பாப்பா, மாதாவுக்குமா கறுப்புன்னு கேளு" என்றார். அத்தை ஒரு கை தூரத்தில்தான் இருந்தார். நான் போய்க் கேட்டேன்.

"பள்ளத்துல எல்லாம் கறுப்பு தானா நின்னுக்கும். மேட்ட மட்டும் நான் பாத்துக்கிறேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு."

நான் திரும்பி வந்து சொன்னேன். அந்தப் பத்தடி அறைக்குள் அன்று நான் நடந்த நடை கொஞ்சமில்லை.

கறுப்பு காய்ந்தபிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிலிர்க்கிறது. அத்தை பிரஷை வெள்ளையில் தோய்த்து, பழந்துணியில் துடைத்தார். இன்னும் துடைத்தார். இனி அதில் வர்ணமே இல்லை என்று நான் நினைத்தபோது, அந்த வெறும் பிரஷால் சுரூபங்களின் மேல் லேசாக விசிறுவதுபோலத் தடவினார். இருட்டிலிருந்து ஒரு மூக்கு வந்தது. நெற்றி வந்தது. முக்காட்டின் மடிப்பு ஒவ்வொன்றாக எழுந்தது. எங்கள் கண் முன்னால் பாலன் விரல்களை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு விரல்கள் இருந்ததே எங்களுக்கு அதுவரை தெரியாது. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குமேல் அத்தை ஓடினார் என்றே சொல்ல வேண்டும். நீலத்தை எடுத்தால் பலகையில் நீலம் வேண்டிய எல்லோருக்கும் நீலம், தண்ணீராகக் கரைத்து ஒரே இழுப்பு. அடியில் இருந்த வெளிச்சமும் நிழலும் அப்படியே தெரிந்தன. பிறகு எல்லோருக்கும் சிவப்பு, எல்லோருக்கும் மஞ்சள். கண்ணுக்கு வெள்ளையும் இல்லை, மணியும் இல்லை. புருவத்தின் கீழ் ஒரு கறுப்புக் கீற்று, அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தால் எல்லோரும் பாலனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கறுப்பு அடிக்காமல் விட்ட ஆடுகள் மட்டும் வெள்ளை வெளேரென்று நின்றன. அத்தை சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஆறிப்போன அந்தப் பிளேன்டியை எடுத்தார். குடிக்கப்போகிறார் என்று அம்மாவின் முகம் மலர்ந்தது. அத்தை அதில் துளி மண்ணிற வர்ணத்தைக் கலக்கி ஆடுகளின் மேல் ஊற்றித் தடவினார். சாயம் சுருள்களுக்கு இடையில் ஓடித் தேங்கியது. சற்று முன்புவரை மாவு உருண்டைகளாக இருந்தவை கம்பளி போர்த்திய ஆடுகளாகிவிட்டன. நான் கை தட்டினேன். அப்பாவும் கிட்டே வந்துவிட்டார். தன் வீட்டுத் தேத்தண்ணி ஆட்டின் முதுகில் போனதற்குக் கோபப்படுவதா, அந்த ஆட்டைப் பார்த்து வாயைப் பிளப்பதா என்று அவருக்கே தெரியவில்லை.

மத்தியானம் பனிமூட்டம் இறங்கியது. அப்பா சுரூபங்களைப் பெட்டிக்குள் வைத்துவிடலாம் என்று மாட்டின்மேல் கை வைத்தார்.

"தொடாதண்ணே! ஈரமா இருக்கு!"

அத்தை கத்திய கத்தலில் நான் நடுங்கிப்போனேன். அத்தையின் பிரஷ் அப்படியே நின்றது. அப்பாவின் கையும் மாட்டின்மேல் அப்படியே இருந்தது. இந்தச் சேதியை நான் இன்னும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லையே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவசரமாக அப்பாவிடம் போய், "தொடாதீங்களாம் அப்பா, ஈரமா இருக்காம்" என்றேன்.

"கேட்டுருச்சு பாப்பா" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்க்காமல், "காயிறதுக்கு இன்னும் எவ்வளவு நேரம் புடிக்கும்?" என்று கேட்டார்.

"பனியா இருக்குல்ல. ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் புடிக்கும்" என்றார் அத்தை.

அப்பா எழுந்து அடுப்படிக்குப் போனார். அவர் அடுப்பு மூட்டி நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சீனி கூடிப்போன ஒரு கோப்பையைக் கொண்டுவந்து நீட்டினார். அத்தை தலை நிமிராமல் வாங்கி, சூடு ஆறுமுன் முழுக்கக் குடித்தார். என்னிடம் யாரும் எந்தச் சேதியும் சொல்லி அனுப்பாததால், எனக்கு அந்த வீட்டில் வேலை போய்விட்டதுபோல இருந்தது.

என் கவலையெல்லாம் மாட்டைப் பற்றித்தான். அதன் முதுகில் அப்பாவின் பெருவிரல் பதிந்து, ரேகைகூடத் தெரிந்தது. "ஒரு இழுப்பு இழுத்தா போயிருமே அத்தே" என்று கெஞ்சினேன். அத்தனையையும் அரைப் பகலில் முடித்தவர், "இருக்கட்டும் பாப்பா" என்று சொல்லிப் பிரஷைக் கழுவிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் கோயிலில் குடில் வைத்தபோது அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். குடில் அழகாக இருப்பதாகப் பங்குச்சாமியார் சொன்னார், எங்களைப் பார்த்துச் சிரித்த லயமே அதன் முன்னால் வாயடைத்து நின்றது. எனக்கு மட்டும் மாட்டின் முதுகு உறுத்திக்கொண்டே இருந்தது. யாரும் பார்க்காத நேரத்தில், விரல் பட்ட பக்கம் சுவரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தேன். அப்பா வந்தார். மாட்டை எடுத்து, அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்படி மறுபடி திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

இவருக்குக் குடில் வைக்கவே தெரியவில்லை என்றுதான் நான் அன்று நினைத்தேன்.