விபூதி இழுத்த மோதிரம்

எண்பதுகளின் நடுவில், இலக்கியம் படிக்க நியூ ஜெர்சிக்கு வந்த நான் பிரிட்ஜ்வாட்டரில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். அங்கே பூஜையறை என்பது சமையலறை அலமாரியின் ஒரு தட்டு. புகை அலாரம் அலறுமென்று கற்பூரம் ஏற்றுவதில்லை. சிறிய விளக்கு மட்டுமே. மாவு பிசையும்போது சித்தி தம் மரகத மோதிரத்தைக் கழற்றி அவ்விளக்கடியில் வைப்பார்.

குளிர்கால வெள்ளிக்கிழமையொன்றில், விளக்கைக் குளிரவைத்தபின் மோதிரத்தை எடுத்தவர் திகைத்து நின்றார். பக்கத்துக் கிண்ணத்து விபூதி, கல்லின் ஓரத்தில் மெல்லிய மீசைபோல் ஒட்டியிருந்தது. ஊதினார், போகவில்லை.

"ஏய், இங்க வாடி! சாமியே வந்து பூசியிருக்கார்!"

நான் அருகே போவதற்குள் கோயில் தோழிகளை ஞாயிறன்று தரிசனத்துக்கு அழைத்துத் தொலைபேசி சுழன்றுகொண்டிருந்தது.

ஆய்வுக்கூடத்தில் படிகங்களோடு பழகும் சித்தப்பா மாலையில் வந்தார். மோதிரத்தைத் துடைத்து, மேசை விளக்கின் கீழ்ச் சூடாக்கி, ஆறும்போது விபூதிமேல் பிடித்தார். தூள் துள்ளி ஒட்டியது.

"பாத்தியா! சில கிரிஸ்டல்ல சூடு ஏறினாலும் இறங்கினாலும் ஒரு முனையில பிளஸ், மறு முனையில மைனஸ் சார்ஜ் வந்துடும். அது தூளை இழுக்கும். குளிர்காலத்துல காத்து டிரையா இருக்கறதால சார்ஜ் நிக்குது. டூர்மலின்னு ஒரு பச்சைக் கல்லு, இதுக்கே ஃபேமஸ்!"

"என் கல்லு மரகதம்."

"மரகதம் இப்படிப் பண்ணாதே…"

சொன்ன பிறகுதான், திருமணத்துக்கு அதை மரகதமென்று வாங்கித் தந்தவர் தாமே என்பது அவர் நினைவுக்கு வந்தது.

சித்தி என்னிடம் திரும்பினார். "நீ சொல்லு, இது மரகதமா இல்லையா?"

"நான் லிட்ரேச்சர், சித்தி."

சனிக்கிழமை முழுதும் மோதிரம் அலமாரித் தட்டிலேயே கிடந்தது. விபூதி ஒட்டினால் கல் போலி. ஒட்டாவிட்டால் சித்தியின் மானம் போகும்.

ஞாயிறன்று தோழிகள் கூடியதும், சித்தி மேசை விளக்கைச் சித்தப்பா பக்கம் நகர்த்தினார். "சூடு பண்ணுங்க."

விபூதி துள்ளியது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மரகதத்துக்கு இவ்வளவு சக்தியா?" என்றார் மூத்தவர் ஒருவர்.

சித்தப்பா தரையைப் பார்த்தார்.

"மரகதம் இல்ல ஆன்ட்டி," என்றார் சித்தி, குரல் பிசகாமல். "மரகதம் சும்மா பச்சையா இருக்கும். இது இவர் தேடிப்பிடிச்சு வாங்கினது."

அந்த அம்மாள் உடனே தம் மரகத மோதிரத்தைக் கழற்றி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தார். தூள் அசையவில்லை. "என்னோடது ஒண்ணுமே பண்ணலையே!" முகம் வாடிவிட்டது.

அப்படியானால் அது அசல் மரகதம் என்ற நற்செய்தியைச் சொல்லச் சித்தப்பா வாய் திறந்தார்.

"காபி ஆறுது," என்றார் சித்தி. "குடிங்க."

அவர் குடித்தார்.