சகலை பார்த்த திமிங்கலம்

சகலை கப்பலில் அலாஸ்கா போகப்போகிறார் என்ற செய்தி வந்தபோது சக்திவேலின் கையில் ஒரு பிவிசி பைப் எல்போ இருந்தது. அதை வாங்கிக்கொள்ள பிளம்பர் அந்தோணிசாமி கையை நீட்டியபடி நின்றார். சக்திவேல் கொடுக்கவில்லை. போனில் மனைவி கீதா சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

“அலாஸ்காங்க. அமெரிக்காவுக்கும் மேல, ஒரே பனியா இருக்குமாம். மிருதுளா அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போட்டுட்டாளாம். ஏழு நாளும் கப்பல்லயே சுத்திப் பாக்கப் போறாங்க. அக்கா இப்பத்தான் சொல்லிச்சு.”

“அந்தாளுக்கு இன்னாத்துக்கு அலாஸ்கா? ஏசி போட்டாலே தும்முவாரு.”

போனை வைத்தபிறகும் எல்போ கையிலேயே இருந்தது. “அண்ணா, குடுத்தீங்கன்னா நான் கெளம்புவேன்” என்று அந்தோணிசாமி சொன்ன பிறகுதான் நினைவு வந்தது.

சகலை என்றால் சுப்பராயலு. கீதாவின் அக்கா ஜெயஸ்ரீயின் கணவர். கோவிலம்பாக்கத்துக்காரர். ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். யாரோடும் சண்டை கிடையாது, எதற்கும் அவசரம் கிடையாது. இந்த மனிதரைப் பார்த்து இருபத்தெட்டு வருடமாக வயிறு எரிவதுதான் சக்திவேலின் வாழ்க்கையில் கடையைத் தவிர இருந்த ஒரே நிரந்தரமான வேலை.

சக்திவேல் ஒன்றும் கெட்டவர் இல்லை. இரும்புலியூரில் அப்பா நெல் விளைத்த நிலம் வீடுகளாகிப் போன காலத்தில், இருபத்திரண்டு வயதில், அரை ஷட்டர் கடையில் ஆணியும் கீலும் விற்கத் தொடங்கியவர். இன்று ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இரண்டாவது தெருவில் மூன்று ஷட்டர் ஹார்டுவேர் கடை. காலை ஏழு மணிக்குத் திறந்தால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் பூட்டு. பொங்கலுக்கு மட்டும் ஒரு நாள் லீவு. இப்படி உழைத்து ஓர் இடத்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தால், சுப்பராயலு அங்கே ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். சக்திவேல் வீட்டில் போர் போட்டபோது முந்நூறு அடி வரை பாறைத்தூள்தான் வந்தது. அதே மாதம் கோவிலம்பாக்கத்தில் எண்பது அடியிலேயே தண்ணீர் பீய்ச்சியடித்தது. சக்திவேலின் மகன் சூர்யாவைப் படிக்க வைக்க வீடே படாதபாடு பட்டது. சுப்பராயலுவின் மகள் மிருதுளாவோ எந்த டியூஷனுக்கும் போகாமல் படித்து, சியாட்டிலில் வேலைக்குப் போய், அப்பாவுக்குக் கப்பல் டிக்கெட்டும் போட்டுவிட்டாள்.

மறுநாளே மிருதுளா பேசினாள்.

“சித்தப்பா, நீங்களும் சித்தியும் வாங்களேன். நானும்தான் வர்றேன், எல்லாருக்கும் புக் பண்றேன். அம்மாவுக்கும் கம்பெனி இருக்கும்.”

“எனக்கெங்கம்மா டைம் கீது? கடைய யார் பாப்பா?”

மனசு முழுக்க ‘போ, போ’ என்றது. வாய் மட்டும் இல்லை என்றது. சகலை வீட்டுத் தயவில் சகலையோடு போவதா என்ற ரோஷம். மூன்று வாரம் வீட்டில் கீதா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தாள். கடைசியில் சூர்யா, “நான் லீவு போட்டுக் கடைய பாத்துக்கறேன், போய்ட்டு வாப்பா” என்று சொன்னதும் சக்திவேல் யாருக்கோ உபகாரம் செய்கிற மாதிரி ஒப்புக்கொண்டார்.

அந்த மூன்று வாரத்தில் கப்பலில் பால்கனி வைத்த அறைகளெல்லாம் போய்விட்டன.

“இன்சைட் ரூம்தான் இருக்கு சித்தப்பா. பரவால்லையா?” என்று மிருதுளா கேட்டாள். பரவாயில்லை என்றார். இன்சைட் என்றால் என்ன என்று கப்பலில் ஏறிக் கதவைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. கட்டில், அலமாரி, கண்ணாடி, குளியலறை எல்லாம் இருந்தன. ஜன்னல் இல்லை. விளக்கை அணைத்தால் பகலா இரவா என்று தெரியாது. கடையில் பெயின்ட் டப்பா அடுக்கி வைக்கும் பின்னறை ஞாபகம் வந்தது.

சகலையின் அறைக்குப் போய்ப் பார்த்தார். கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே பால்கனி, இரண்டு நாற்காலி, அதற்கப்புறம் கடல். சுப்பராயலு லுங்கியோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“வா சக்தி. உக்காரு. காத்து சோக்கா வருது.”

“வேணாண்ணா. எனக்கு ரூமே வசதியாத்தான் கீது. இருட்டா இருந்தாத்தான் தூக்கம் நல்லா வரும்.”

அடுத்த நாள் கப்பல் வடக்கே ஏறியது. இரண்டு பக்கமும் மலை. கரை முழுக்க ஊசியிலை மரங்கள் நெருக்கமாக நின்றன. வீடு இல்லை, ரோடு இல்லை, ஒரு மின்கம்பம்கூட இல்லை. இவ்வளவு நிலம் யாரும் பிளாட் போடாமல் சும்மா கிடப்பதை சக்திவேல் அதுவரை பார்த்ததில்லை. மேகம் மலையின் இடுப்பில் துணி மாதிரி சுற்றிக் கிடந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவர் அழகு பார்க்க வரவில்லை. இந்தப் பக்கத்தில் திமிங்கலம் வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தார்கள். சகலைக்கு முன்னால் அதைப் பார்த்துவிட வேண்டும்.

காலை ஆறு மணிக்கே மேல்தளத்துக்குப் போனார். ஸ்வெட்டர், அதன்மேல் ஜெர்கின், தலைக்கு மங்கி குல்லா. ஐந்து மணி நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்ததில் கண்ணில் நீர் வழிந்ததுதான் மிச்சம். அலை ஒன்று கறுப்பாகத் திரும்பும்போதெல்லாம் நெஞ்சு துள்ளியது. அது அலையாகவே போனது.

சாப்பாட்டு ஹாலில் சுப்பராயலு குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“சக்தி, பல்லு வெளக்கிகினு சும்மா பால்கனிக்கு வந்தேன்பா. எதிர்ல புஸ்ஸுன்னு தண்ணி அடிக்குது. பாத்தா திமிங்கலம்! வால அப்படியே தூக்கிக் காட்டிட்டு உள்ள போச்சு. பிரஷ் கையிலேர்ந்து கடல்ல வுழுந்துடுச்சு.”

ஜெயஸ்ரீயும் மிருதுளாவும் கீதாவும் சிரித்தார்கள். சக்திவேல் தட்டில் இருந்த ரொட்டியைப் பார்த்தார். ஐந்து மணி நேரம் குளிரில் நின்றவனுக்கு இல்லை. பல் விளக்க வந்தவருக்கு வாலைத் தூக்கிக் காட்டியிருக்கிறது.

“நான் கரடி பாத்தேன்” என்றார்.

அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வந்துவிட்டது.

“கரடியா?” சுப்பராயலுவின் சிரிப்பு நின்றது. “எங்க?”

“கரையில. பாறைங்க கீதே, அங்க. பழுப்பு கலர். கூட ரெண்டு குட்டி. வாயில ஒரு மீன கவ்விகினு நின்னுச்சு.”

“எத்தினி மணிக்கு?”

“எட்டே கால் இருக்கும்.”

சுப்பராயலு ஜெயஸ்ரீயைப் பார்த்தார். “எட்டே காலுக்கு நாம இட்லி இருக்கான்னு கேட்டுகினு இருந்தோம்” என்று மெதுவாகச் சொன்னார். அந்த முகத்தில் வந்ததை சக்திவேல் உடனே அடையாளம் கண்டுகொண்டார். தினமும் ஷேவ் பண்ணும்போது கண்ணாடியில் பார்க்கிற முகம்தான் அது. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக அது எதிர் நாற்காலிக்குப் போயிருந்தது. மத்தியானம் இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டார். அன்றைக்கு அந்த ஜன்னல் இல்லாத அறையிலும் நன்றாகத் தூங்கினார்.

அதற்கப்புறம் சுப்பராயலு பால்கனியில் உட்காரவில்லை. மகளின் பைனாகுலரை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்கு வந்துவிட்டார். தூறலிலும் நின்றார். ஜூனோ துறைமுகத்தில் கப்பல் நின்றபோது எல்லோரும் ஊருக்குள் இறங்கினார்கள்; அவர் இறங்கவில்லை. “கரடி எந்தப் பக்கம் வரும்னு நெனைக்கிற சக்தி?” என்று ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்டார். சக்திவேலும் ஏதோ ஒரு பக்கம் கையைக் காட்டினார். முதல் நாள் அது இனித்தது. இரண்டாம் நாள் சுப்பராயலு தும்ம ஆரம்பித்தார்.

“உள்ள போங்கண்ணா. ஒடம்புக்கு ஒத்துக்காது.”

“நீ பாத்துட்ட, சொல்லுவ. நான் ஒரு தபா பாக்கணும்பா.”

அன்று சாயங்காலமே காய்ச்சல் வந்துவிட்டது. கப்பல் டாக்டர் மாத்திரை கொடுத்து, மறுநாள் முழுக்க அறையை விட்டு வெளியே வரக்கூடாது என்றார். மறுநாள்தான் பனியாற்றை, அதாவது கிளேசியரைக் கப்பலிலிருந்து பார்க்கிற நாள்.

சக்திவேலுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. ‘நாளைக்கு நான் பார்ப்பேன், அவர் பார்க்கமாட்டார்.’ அந்த நினைப்பு வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார். திட்டியும் அது போகவில்லை.

பனியாற்றுக்கு எதிரே கப்பல் நின்றபோது மேல்தளத்தில் நிற்க இடமில்லை. முன்னால் ஆறடி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். தோள்களுக்கும் கேமராக்களுக்கும் நடுவே ஒரு சாண் வெள்ளை தெரிந்தது. எம்பிப் பார்த்தார், குனிந்து பார்த்தார். ‘சாரி’ சொல்லி ஒருவரைத் தாண்டினால் இன்னொருவர் நின்றார். கால் மணி நேரம் போராடிவிட்டு, சகலை எப்படி இருக்கிறார் என்று பார்க்கிற சாக்கில் கீழே இறங்கினார்.

ஜெயஸ்ரீயும் மற்றவர்களும் மேலே இருந்தார்கள். சுப்பராயலு தனியாக, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால்கனி நாற்காலியில் இருந்தார். அவருக்கு நேர் எதிரே, குறுக்கே ஒருவர் தலைகூட இல்லாமல், பனியாறு நின்றது. கப்பலை அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். ஒரு மலையிடுக்கு முழுவதையும் அடைத்துக்கொண்டு, கடலில் வந்து முடிகிற பனிச் சுவர். வெடிப்புகளுக்குள் நீலம். எந்தப் பெயின்ட் ஷேட் கார்டிலும் சக்திவேல் பார்த்திராத நீலம். காய்ச்சலில் படுத்தவரை வீடு தேடி வந்து பார்ப்பதுபோல அது சகலையைப் பார்க்க வந்திருந்தது.

சக்திவேல் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இதற்கு மேல் என்ன செய்வது?

அப்போதுதான் கவனித்தார். சுப்பராயலு பனியாற்றைப் பார்க்கவில்லை. பைனாகுலரை வைத்து ஓரத்துப் பாறைகளைத் துழாவிக்கொண்டிருந்தார்.

“சக்தியா? இந்தப் பாறையில கரடி வருமாப்பா?”

“அண்ணா, எதிர்ல பாருங்க.”

“அது எங்க போவப்போவுது. இரு, அங்க பழுப்பா ஏதோ…”

பனிச்சுவரிலிருந்து ஒரு துண்டு கழன்றது. நாலு மாடி வீட்டின் உயரம் இருக்கும். முதலில் சத்தமே இல்லை. அது சாய்ந்து, மெல்லக் கீழிறங்கி, தண்ணீருக்குள் போனது. அதன் பிறகுதான் லாரியிலிருந்து கம்பிக் கட்டு மொத்தமாகச் சரிகிற மாதிரி சத்தம் வந்து நெஞ்சில் இடித்தது. சுப்பராயலு திடுக்கிட்டு பைனாகுலரைத் திருப்புவதற்குள் அந்த இடத்தில் நுரையும் அலையும்தான் இருந்தன. கப்பல் ஒருமுறை லேசாக அசைந்தது.

“இன்னா ஆச்சு? இன்னா வுழுந்துச்சு?”

சக்திவேல் கேட்டது கிடைத்துவிட்டது. அவர் பார்த்தார், சகலை பார்க்கவில்லை. ஆனால் மூக்கு சிவந்து, கண் கலங்கி, கம்பளிக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த அந்த மனிதரைப் பார்த்தபோது, அந்தச் சந்தோஷம் வருமென்று காத்திருந்த இடத்தில் ஒன்றும் வரவில்லை.

“கரடி இல்லண்ணா.”

“எங்க இல்ல?”

“எங்கயும் இல்ல. அன்னிக்கும் இல்ல. நான் பாக்கல. சும்மா சொன்னேன்.”

சுப்பராயலு பைனாகுலரைக் கழுத்திலிருந்து கழற்றி மடியில் வைத்தார்.

“ஏன்?”

“உங்களுக்கு மட்டும் எல்லாம் தானா வருது. திமிங்கலம்கூட. எனக்குப் பொறுக்கல.”

சுப்பராயலு கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. அப்போதும் குரல் உயரவில்லை. “ரெண்டு நாளு மழையில நின்னேன் சக்தி. நீ பக்கத்துலயே நின்னு பாத்துகினு இருந்த” என்றார். அப்புறம், “நீ போ” என்றார்.

மீதி இருந்த நாட்களில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், பேசவில்லை. காய்ச்சல் அலுப்பு என்று பெண்கள் நினைத்துக்கொண்டார்கள். சுப்பராயலு யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் சக்திவேலைத்தான் குத்தியது. தன்னால் அப்படி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள், சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. செம்பாக்கத்தில் மண்டபம். கீதா அதற்குள் கரடியைத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தாள். பந்தியில் பச்சையம்மா பெரியம்மா இலையைத் தாண்டிக் குரல் கொடுத்தாள்.

“இன்னாடா சக்திவேலு, கரடிய நேர்லயே பாத்தியாமே? குட்டியோட?”

எதிர்ப்பந்தியில் சுப்பராயலு ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

“இல்ல பெரிம்மா. பாக்கல. கீதாகிட்ட சும்மா ரீல் வுட்டேன்.”

பந்தியே சிரித்தது. கீதா வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வந்த பிறகு நிறையப் பேசினாள்.

அடுத்த வாரம், வெயில் ஏறிய நேரத்தில், சுப்பராயலு ஸ்கூட்டரைக் கடை வாசலில் நிறுத்தினார். பாத்ரூமுக்கு ஒரு தண்ணி டேப் வேண்டும் என்றார். கோவிலம்பாக்கத்தில் டேப் கிடைக்காமலா இவ்வளவு தூரம் வந்தார் என்று சக்திவேல் கேட்கவில்லை. நான்கைந்து வகை எடுத்துப் போட்டார். சுப்பராயலு ஒன்றையும் தொடாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அந்தப் பனி வுழுந்துச்சே. எப்படி வுழுந்துச்சுன்னு சொல்லு. நெஜமா நடந்தத மட்டும் சொல்லு.”

சக்திவேல் சொன்னார். பெரிதாக்காமல் சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னார். சத்தம் இல்லாமல் சாய்ந்தது, இறங்கியது, பிறகு சத்தம் வந்தது, அப்புறம் கப்பலே ஒருமுறை லேசாக அசைந்தது. மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. சுப்பராயலு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் திறக்கவில்லை. உதட்டில் மெல்லச் சிரிப்பு வந்தது. அன்று அந்தப் பால்கனியில் நின்று நேரில் பார்த்த தன்னைவிட, இரும்புலியூரில் ஸ்டூலில் உட்கார்ந்து இந்த மனிதர் அதை நன்றாகப் பார்த்துவிட்டார் என்று சக்திவேலுக்குப் பட்டது.

வயிற்றுக்குள் பழைய எரிச்சல் லேசாகக் கிளம்பியது. அதை அப்படியே விட்டுவிட்டு, “டீ சொல்லவாண்ணா?” என்று கேட்டார்.