முடியலன்னு சொல்லக் கூடாத வீடு

என் வீட்டுக்காரர் டைல்ஸ் போடுகிறவர். போட்ட ஒவ்வொரு கல்லையும் விரலால் தட்டிப் பார்ப்பார். ஒன்று மட்டும் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கொடுத்தால் போச்சு, பெயர்த்தெடுத்து மறுபடி போடுவார். குந்திக் குந்தி முட்டி இரண்டும் காய்த்துவிட்டன. வலிக்கிறதா என்று கேட்டால், "வலிச்சா என்ன, வேலை நிக்குமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதே பிடிவாதத்தை மகளுக்கும் ஊட்டினார். பதினைந்து வயது, ஓட்டக்காரி. 'முடியல' என்று வாய் தவறிச் சொன்னால் மைதானத்தை இன்னொரு சுற்று ஓட வேண்டும். பிள்ளை உருப்பட்டால் சரி என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நேற்று பள்ளிக்கூடப் பந்தயத்தில் தடுக்கி விழுந்தாள். எழுந்து, நொண்டி நொண்டிப் போய்க் கோட்டைத் தொட்டாள். இந்த மனுஷன் கை தட்டினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து மாவுக்கட்டு போட்ட டாக்டர் எங்களிடம் கறாராகச் சொன்னார்: "உள்ள வீங்கினா ரத்த ஓட்டம் நின்னுரும். வலி ஏறினா உடனே சொல்லணும். விட்டுட்டா காலையே எடுக்க வேண்டி வந்துரும்."

என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. மணிக்கு ஒரு தரம் கேட்டார்.

"வலிக்குதாடா கண்ணு?"

"இல்லப்பா."

"அப்பா திட்ட மாட்டேன்டா. சொல்லிரு."

"அதெல்லாம் தாங்கிருவேன்பா. நீங்க பயப்படாதீங்க."

கெஞ்சினார். காலில் விழாத குறைதான். அவள் சிரித்தாள்.

இன்று மத்தியானம் அவள் முகத்தைத் துடைக்கப் போனேன். கீழுதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம் கட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தன. "அடிப்பாவி!" என்று அலறிக்கொண்டு நர்ஸிடம் ஓடினேன்.

டாக்டர் வந்து கட்டை வெட்டினார். கால் வீங்கிப் பளபளத்தது.

"எப்பலேருந்தும்மா வலி?"

"விடியறதுக்கு முன்னாடிலேருந்து."

"உடனே ஆபரேஷன் பண்ணணும்," என்று கத்தினார். கால் பிழைக்குமா என்று கேட்டேன். திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார்.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளும்போது அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வேர்த்துக் கொட்டியது. ஆனால் கண்ணில் அவ்வளவு ஆசை.

"ஒரு தடவகூட கத்தலப்பா. நல்லா தாங்கினேன்ல?"