பிஸ்கட் அட்டையில் வரைந்த ஆப்

ஓசூரில் ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் ஆப்களுக்கு டிசைன் செய்கிறேன். விவசாயிகளுக்குத் தக்காளி விலை சொல்லும் ஆப் ஒன்றின் மாதிரியை ராயக்கோட்டை மண்டிக்கு எடுத்துப்போய்க் காட்டினால், எல்லோரும் "சூப்பர் தம்பி" என்பார்கள். அவர்கள் போனில் ஏற்றிக் கொடுத்தாலோ ஒருவரும் திறப்பதில்லை. இன்னொரு தடவை முயன்று பார், இல்லையென்றால் மூடிவிடலாம் என்றது கம்பெனி.

அன்று மண்டியில் என் போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. தக்காளி விற்க வந்திருந்த லட்சுமி அக்காவிடம், டீக்கடையில் கிடந்த பிஸ்கட் அட்டையில் அதே திரையைப் பேனாவால் வரைந்து காட்டினேன். அவர் பேனாவைப் பிடுங்கி, மேலே இருந்த மேகப் படத்தை அடித்தார்.

"இது எதுக்கு? மழை வந்தா எங்களுக்குத் தெரியாதா? நேத்து வெல, இன்னிக்கு வெல, ரெண்டையும் பெரிசாப் போடு."

"போன தடவை போன்ல இதே படத்தைத்தானே காட்டினேன்? நல்லாருக்குன்னீங்களேக்கா."

"அது கலரெல்லாம் அடிச்சு முடிச்ச மாதிரி இருந்துச்சு. அவ்ளோ பாடுபட்டு செஞ்சிருக்கிற, எப்படிப்பா கொற சொல்றது?"

இப்போதெல்லாம் முதலில் அட்டையில்தான் வரைந்து காட்டுகிறேன். யாராவது "சூப்பர்" என்றால் மட்டும் மனசு திக்கென்கிறது.