டேக்கலில் மட்டும் நேர்க்கோடு

நோட்டின் முதல் பக்கத்தைப் பூவும் கொடியுமாக அலங்கரித்து எடுத்து வரச் சொல்கிறார்களே, அதை வீட்டில் யார் செய்கிறார்கள் என்று டீச்சர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நேற்று என் மகள் நோட்டும் கையுமாக வந்து நின்றபோது எனக்கு எரிச்சல் வந்தது. அது புது எரிச்சல் இல்லை, பிள்ளைகளே. நான் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது தொடங்கியது.

அப்போது மாரிகுப்பத்தில் இருந்தோம். அங்கே இருந்த தங்கச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். எங்கள் லைன் வீடுகளில் இருந்த மற்ற அப்பாக்களைப் போல என் அப்பாவும் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டார். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் எழுவதற்கு முன்னால் ரயில் ஏறுவார், நாங்கள் தூங்கிய பிறகு வந்து இறங்குவார். எனக்குத் தெரிந்த நைனா ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கிறவர்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் கணக்கு நோட்டை நீட்டினேன். வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்புக்கு வந்து எல்லா நோட்டையும் பார்ப்பார். முதல் பக்கம் போடாதவன் வெளியே நிற்க வேண்டும். அம்மாவுக்குக் கோலம் போட்டுப் பழகிய கை. பார்டர் போட அவருக்கு ஒரு சீரியல் ஓடி முடிகிற நேரம் போதும். "குடுடா" என்று அம்மா கையை நீட்டுவதற்குள் நைனா முந்திக்கொண்டார்.

"எனுக்குக் குடு. வண்டியில சும்மாதானே குந்திகினு போறேன்."

நோட்டு அவர் பைக்குள் போனது. என் புது ஸ்கெட்ச் பேனா பெட்டியும் கூடவே போனது.

திங்கட்கிழமை ராத்திரி தூங்காமல் கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்தேன். நைனா வந்ததும் பையைப் பிடுங்கி நோட்டைத் திறந்து பார்த்தால், பக்கத்தின் மேலே ஒரே ஒரு சிவப்புக் கோடு. அதுவும் நெளிந்து நெளிந்து போய், நடுவில் திடீரென்று நேராகி, மறுபடியும் நெளிந்தது.

"இன்னா நைனா இது, புழு மாதிரி கீது?"

"வண்டி ஆடுதுடா. இங்க பாரு, நேரா கீதே, இது டேக்கல் ஸ்டேஷன். இன்னொரு வண்டிக்கு வழி வுட்டு நின்னுச்சி. இந்த நெளிசல் மாலூர் போசொல்ல."

"ஒரு கோடு போட ஒரு நாளா?"

"அவசரப்பட்டா கெட்டுடும் கண்ணு" என்றவர், சோற்றைப் பிசைந்து என் கையிலும் ஓர் உருண்டை வைத்தார். கோபத்தோடு தின்றேன்.

செவ்வாய்க்கிழமை வலது பக்கக் கோடு வந்தது. கூடவே மூலையில் ஒரு பூ. மூன்றே மூன்று உருண்டை இதழ், கறுப்பு நிறம். ரயில் பெட்டியில் சீட்டாடுகிற ஒரு மாமா போட்டாராம். சீட்டுக்கட்டில் இருக்கிற கிளாவரைத்தான் அவர் பூ என்று நினைத்திருக்கிறார்! புதன்கிழமை இடது பக்கக் கோடும் என் பெயரின் முதல் எழுத்தும்.

"படம் எங்க நைனா?"

"அதுக்குத்தான் சண்ட. ஒருத்தர் மயில் போடுன்றார். இன்னொருத்தர் கணக்கு நோட்டுக்கு மயில் இன்னாத்துக்குன்றார். ஒயிட்ஃபீல்டு வர்ற வரைக்கும் அதே பேச்சு."

கேட்டுக்கொண்டு படுத்திருந்த அக்கா போர்வைக்குள்ளிருந்தே, "இப்டி வேல செஞ்சதாலதான் மைன்ஸ மூடிட்டாங்க போல" என்றாள். அம்மா அவள் தலையில் ஒன்று வைத்தார். நைனாதான் ரொம்ப நேரம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மடியில் தலை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பையன் நோட்டு முடிந்ததையும் அதில் தாமரை இருப்பதையும் சொல்லிச் சொல்லிச் சண்டை போட்டபடியே தூங்கிப்போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாவிடம் கெஞ்சினேன். "நைனா வந்ததும் நீயே வாங்கி முடிச்சிடும்மா."

"உங்க நைனா வேலையில நான் கைய வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அன்று ராத்திரியும் கீழ்க்கோடு இல்லை, மீதிப் பெயர் இல்லை, படம் இல்லை. நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது. நைனா தரையில் நோட்டை வைத்துக் குனிந்தார். தட்டு கழுவி வந்த அம்மாவின் கை காய்வதற்குள் கீழ்க்கோடு, பெயர், பள்ளிக்கூடம், நடுவில் தோகை விரித்த மயில், எல்லாம் முடிந்துவிட்டது. கீழ்க்கோடு ஸ்கேல் வைத்தது போல நேராக இருந்தது. எனக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. இதை ஞாயிற்றுக்கிழமையே செய்திருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் என் நோட்டைத் தூக்கிப் பிடித்து, "பார்டர் ஏன் இப்படி நெளியுது?" என்று கேட்டார்.

"அது கடல் அலை மிஸ்" என்றேன்.

"குட்" என்று மூடிக் கொடுத்தார். அலையில் மயிலுக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு நிம்மதி. சாப்பிட்ட உடனே தூங்கிவிட்டேன், எல்லா நாளும். நைனா வந்து இறங்கியது ஒரு நாளும் எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை நைனா என் பையைத் திறந்து ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார்.

"இன்னா கண்ணு, வேற நோட்டு எதுவும் பாக்கி இல்லியா?"

"எல்லாம் முடிஞ்சிச்சி நைனா" என்றேன் பெருமையாக. மற்ற நோட்டுகளுக்கெல்லாம் அம்மாவையே பார்டர் போட வைத்திருந்தேன். ஒன்றுகூட நெளியவில்லை.

"சரி" என்றார்.

ஆனால் ஸ்கெட்ச் பேனா பெட்டியை மட்டும் அவர் திருப்பித் தரவில்லை. அது அவர் சாப்பாட்டுப் பையிலேயே டிபன் பாக்ஸோடு தினமும் பெங்களூர் போய் வந்துகொண்டிருந்தது. வேலை முடிந்த பிறகும் என் பேனாவை வைத்துக்கொண்டு இவர் என்னதான் செய்கிறார் என்று அம்மாவிடம் புகார் சொன்னேன்.

"வுடுடா, கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்றார் அம்மா.